விண்டோஸ் வேண்டாம், கேம் வேண்டும்!

1999 ஜூலை. நியூயார்க்கில் மேக்வேர்ல்டு மாநாடு. மேடையில் நின்ற ஸ்டீவ் ஜாப்ஸ், ‘பஞ்சி’ என்ற சிறிய கம்பெனியின் ஜேசன் ஜோன்ஸை அழைத்து, அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த ஒரு கேமைக் கூட்டத்துக்குக் காட்டச் சொன்னார். அந்த கேமின் பெயர் ‘ஹேலோ’. ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை. 2000 ஜூனில் மைக்ரோசாஃப்ட் பஞ்சி கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது. மேக் மேடையில் அறிமுகமான ஹேலோ, 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸுடன் சேர்ந்து கடைக்கு வந்தது. மேக் வைத்திருந்தவர்கள் கையில் அது கிடைத்தபோது 2003 டிசம்பர் ஆகியிருந்தது.

மேக்கும் கேமும் சேர்ந்த கதை அன்றிலிருந்து பெரும்பாலும் இப்படித்தான் போகிறது. ‘ஸ்டீம்’ என்ற ஆன்லைன் கேம் கடையில் ஒரு கேமைப் பார்த்து ஆசைப்படுவோம். விலைக்குப் பக்கத்தில் விண்டோஸ் சின்னம் இருக்கும், ஆப்பிள் சின்னம் இருக்காது. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய லேப்டாப் வீடியோ எடிட்டிங்கில் பறக்கும். ஆனால், அதில் பாதி விலைகூடப் பெறாத விண்டோஸ் லேப்டாப்பில் சாதாரணமாக ஓடும் கேம் இதில் திறக்கக்கூட மறுக்கும்.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. ‘விட்ச்சர் 3’, ‘ஸ்கைரிம்’ போல மேக்கில் வெளிவரவே வராத கேம்களை, விண்டோஸை இன்ஸ்டால் செய்யாமல், மைக்ரோசாஃப்டுக்கு லைசென்ஸ் கட்டாமல், மேக்கிலேயே விளையாடுகிறார்கள். இதை ஆப்பிளின் சாதனை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆப்பிளுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால், அஸ்திவாரம் போட்டவர்கள் வேறு ஆட்கள். 30 ஆண்டுகளுக்கு மேலாக உழைத்தவர்கள்; அவர்களில் பலர் சம்பளமில்லாமல். அவர்களுக்குச் சேர வேண்டிய பெயரும் பணமும் அவர்களுக்குப் போக வேண்டும் என்பதுதான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

கேம் ஏன் விண்டோஸோடு ஒட்டிக்கொண்டது?

கேமுக்கு லாயக்கில்லாத மெஷின் என்பது மேக்குக்குப் பிறவியிலேயே வந்த குறை அல்ல. 1993இல் உலகத்தைக் கட்டிப்போட்ட ‘மிஸ்ட்’ மேக்கில்தான் பிறந்தது. ஆப்பிளின் ஹைப்பர்கார்டு சாஃப்ட்வேரில் செய்யப்பட்டது. அதே ஆண்டு வந்த ‘டூம்’ கேமை ஐடி சாஃப்ட்வேர் கம்பெனியினர் உருவாக்கியது நெக்ஸ்ட் கம்ப்யூட்டர்களில். ஆப்பிளை விட்டு வெளியேறிய ஜாப்ஸ் ஆரம்பித்த கம்பெனிதான் நெக்ஸ்ட். இன்றைய மேக்ஓஎஸ், அந்த நெக்ஸ்ட் சாஃப்ட்வேரின் நேரடி வாரிசு.

ஆட்டத்தைத் திருப்பியது 1995இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த டைரக்ட்எக்ஸ். அதுவரை கேம் எழுதுபவர்கள் விண்டோஸைக் கண்டாலே ஒதுங்கினார்கள். வேகம் வேண்டுமென்றால் பழைய டாஸ்தான் என்ற காலம். அலெக்ஸ் செயின்ட் ஜான், கிரெய்க் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ட்ரம் என்ற மூன்று பேர் மைக்ரோசாஃப்டுக்குள்ளேயே முட்டி மோதி இதைச் சாதித்தார்கள். கிராபிக்ஸ் கார்டு எந்தக் கம்பெனியுடையது, சவுண்ட் கார்டு என்ன மாடல் என்ற கவலையெல்லாம் கேம் எழுதுபவருக்கு வேண்டாம்; வரைய வேண்டியதை டைரக்ட்எக்ஸிடம் சொன்னால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். கேம் உலகம் மொத்தமும் அங்கே குடியேறியது. கணினி கேம்களில் பெரும்பாலானவை அன்று முதல் டைரக்ட்எக்ஸை நம்பியே எழுதப்படுகின்றன. டைரக்ட்எக்ஸோ மைக்ரோசாஃப்டின் வாசலைத் தாண்டி வராது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் ஒரு நல்ல காலம் வந்தது. 2006இல் ஆப்பிள் இன்டெல் சிப்புக்கு மாறியதும், அந்த ஏப்ரலிலேயே பூட் கேம்ப் வசதியைக் கொடுத்தது. ஹார்டு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மேக்ஓஎஸ், மறுபக்கம் விண்டோஸ். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்பைக் கொண்டுவந்தபோது பூட் கேம்புக்கு மூடுவிழா நடத்திவிட்டது. பேரலல்ஸ் போன்ற சாஃப்ட்வேர்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால், அவற்றுக்குள் ஒரு முழு விண்டோஸை இன்ஸ்டால் செய்தாக வேண்டும்; மேக்கின் மெமரியில் ஒரு பெரிய பங்கை அதற்கென்று ஒதுக்க வேண்டும். விண்டோஸே இல்லாமல் விண்டோஸ் கேம் மேக்கிலேயே ஓட வேண்டும் என்றால், ‘ஒயின்’ என்ற சாஃப்ட்வேர்தான் வழி.

எட்டிப் பார்க்காமல் எழுதிய விண்டோஸ்

ஒரு விண்டோஸ் கேமைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு சமாச்சாரம் இருக்கும். ஒன்று, இன்டெல் வகைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகள். மற்றொன்று, இடையிடையே விண்டோஸிடம் வைக்கும் வேண்டுகோள்கள்: இந்த ஃபைலைத் திற, ஒரு விண்டோ போடு, மவுஸ் எங்கே இருக்கிறது சொல், இந்தக் காட்சியை வரை. இவற்றுக்கெல்லாம் பதில் சொல்வது டிஎல்எல் எனப்படும் விண்டோஸின் நூற்றுக்கணக்கான ஃபைல்கள். ஒயின் செய்வது இதுதான்: அந்த டிஎல்எல் ஒவ்வொன்றையும் தானே புதிதாக எழுதி வைத்திருக்கிறது. கேம் விண்டோஸைக் கேட்பதாக நினைத்துக் கேட்கும். ஒயின் அதை மேக்ஓஎஸ்ஸிடம் கேட்டு வாங்கி, விண்டோஸ் கொடுக்கும் அதே வடிவத்தில் கொடுக்கும்.

சொல்லும்போது எளிது. விண்டோஸின் மூல நிரல் மைக்ரோசாஃப்டின் சொத்து. அதைப் பார்த்து எழுதினால் மறுநாளே வழக்கு வரும். அதனால் ஒயின் குழுவில் ஒரு கறாரான விதி உண்டு. விண்டோஸின் மூல நிரலை எப்போதாவது பார்த்தவர் ஒயினுக்கு நிரல் எழுதக் கூடாது. பிறகு எப்படி எழுதுவது? அசல் விண்டோஸில் சின்னச் சின்ன சோதனை புரோகிராம்களை ஓட்டி, இதைக் கேட்டால் என்ன பதில் வருகிறது, தப்பாகக் கேட்டால் எப்படித் திட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வார்கள். ஒரு வீட்டுக் குழம்பை ருசித்துப் பார்த்தே, அடுப்படியை எட்டிக்கூடப் பார்க்காமல், அதே குழம்பை இன்னொரு வீட்டில் வைப்பது போன்ற வேலை. விண்டோஸில் பிழை இருந்தால் அந்தப் பிழையையும் சேர்த்தே வைக்க வேண்டும். ஏனென்றால், ஏதாவது ஒரு பழைய கேம் அந்தப் பிழையை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

1993இல் பாப் ஆம்ஸ்டட், எரிக் யங்டேல் இருவரும் லினக்ஸுக்காக இதைத் தொடங்கினார்கள். 1994இல் பொறுப்பு அலெக்சாண்டர் ஜூலியார்ட் கைக்கு வந்தது. இன்றும் அவர்தான் தலைமை. வந்து சேரும் மாற்றங்களைப் பார்த்து, தேறியதை மட்டும் சேர்க்கும் வேலையை 30 ஆண்டுகளாகச் செய்துவருகிறார். ஒயினின் முதல் முழுப் பதிப்பான 1.0 வெளிவந்தது 2008 ஜூனில். தொடங்கி 15 ஆண்டுகள் கழித்து! இடைப்பட்ட காலத்தில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 95, 98, 2000, எக்ஸ்பி, விஸ்டா என்று ஓடிக்கொண்டே இருந்தது. துரத்திப் பிடிக்கவே முடியாது என்று பலர் எழுதித் தள்ளினார்கள். இவர்கள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இடையில் ஒரு மனக்கசப்பும் உண்டு. ஆரம்பத்தில் ஒயின் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, மாற்றியதை மூடி வைத்து விற்கலாம் என்ற அளவுக்குத் தாராளமான லைசென்ஸ் இருந்தது. கனடாவின் டிரான்ஸ்கேமிங் கம்பெனி ஒயினை எடுத்து, கேமுக்கான பகுதிகளை மேம்படுத்தி, தனிச் சரக்காக விற்றது. அந்த மேம்பாடுகள் ஒயினுக்கு முழுமையாகத் திரும்பி வரவில்லை. 2002இல் ஒயின் குழு லைசென்ஸை மாற்றியது. எங்கள் நிரலை மாற்றி வெளியிட்டால் அந்த மாற்றங்களை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்பது புது நிபந்தனை. 2023இல் ஆப்பிள் கம்பெனி வந்து ஒயினை எடுத்துக்கொண்டபோது காப்பாற்றியது இந்த நிபந்தனைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த உழைப்புக்குச் சோறு போட்ட கம்பெனி கோட்வீவர்ஸ். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரத்தில் 1996இல் ஜெரமி வைட் தொடங்கியது. ஒயினைச் சாதாரண மனிதர்களும் பயன்படுத்தும் வகையில் கட்டி, ‘கிராஸ்ஓவர்’ என்ற பெயரில் விற்கிறது. அந்த வருமானத்தில் சம்பளம் வாங்கும் ஆட்கள் ஒயினுக்கு நிரல் எழுதுகிறார்கள்; ஜூலியார்ட் உட்பட. 2007 ஜனவரியில் மேக்குக்கான கிராஸ்ஓவர் வந்தது. 2008இல் பெட்ரோல் விலை எகிறியபோது, எங்கள் ஊரில் விலை ஒரு காலனுக்கு 2.79 டாலருக்குக் கீழே இறங்கினால் ஒருநாள் முழுக்க சாஃப்ட்வேரை இலவசமாகத் தருகிறோம் என்று ஜெரமி வைட் அறிவித்தார். இறங்காது என்ற நம்பிக்கைதான். அக்டோபரில் இறங்கிவிட்டது. சொன்ன சொல்லை மீறாமல் 28ஆம் தேதி இலவசமாகக் கொடுத்தார்கள். கூட்டம் தாங்காமல் அவர்கள் இணையதளம் படுத்துவிட்டது. 2023இல் ஜெரமி வைட் ஓய்வு பெற்றபோது கம்பெனியைப் பெரிய முதலாளிகள் யாருக்கும் விற்கவில்லை. ஊழியர்களே உரிமையாளர்களாக இருக்கும் அறக்கட்டளையின் கையில் ஒப்படைத்தார். இந்தத் துறையில் இப்படிப்பட்ட முடிவுகள் அபூர்வம்.

ஆப்பிள் போட்ட முட்டுக்கட்டைகள்

மேக்கில் ஒயின் ஓட்டுவதில் மைக்ரோசாஃப்டைவிட ஆப்பிளால் வந்த தலைவலிகள் அதிகம் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். வரிசையாகப் பாருங்கள். கிராபிக்ஸுக்கு எல்லா மெஷினிலும் பொதுவாக இருந்த ஓபன்ஜிஎல்லை 2018இல் ஆப்பிள் கைகழுவியது. அதன் இடத்தில் உலகம் ஏற்றுக்கொண்ட வல்கனை ஆப்பிள் ஏற்கவில்லை. என் சொந்த கிராபிக்ஸ் வழியான மெட்டல் மட்டும்தான் என்றது. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினாவில் 32 பிட் புரோகிராம்கள் அத்தனையையும் ஒரே நாளில் நிறுத்தியது. 2020இல் சிப்பையே மாற்றியது.

இதில் கேட்டலினா கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவை 32 பிட். அவற்றை ஓட்ட ஒயினின் 32 பிட் பகுதி வேண்டும். அதை மேக்ஓஎஸ் இனி அனுமதிக்காது. அத்தோடு ஒயின் கதை மேக்கில் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கோட்வீவர்ஸ் ஆட்கள், நிரலை மெஷின் கட்டளையாக மாற்றும் கம்பைலரிலேயே கைவைத்தார்கள். 32 பிட் முகவரியையும் 64 பிட் முகவரியையும் ஒரே புரோகிராமுக்குள் கலந்து கையாளத் தெரிந்த ஒரு கம்பைலரைத் தாங்களே மாற்றி உருவாக்கினார்கள். 64 பிட் புரோகிராம் என்ற தோற்றத்தில் ஓடும் ஒயின், உள்ளே 32 பிட் கேமை ஓட்டும். 2019 டிசம்பரில் கிராஸ்ஓவர் 19 வெளிவந்தது. ஆப்பிள் கதவைச் சாத்திய சுமார் இரண்டு மாதத்தில் மறுபடி திறந்துவிட்டார்கள். ஒரு சின்னக் கம்பெனி செய்த இந்த வேலை, இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி.

அடுத்த ஆண்டே எம்1. இதற்கு ஆப்பிள் ஒரு கைகொடுத்தது: ரொசெட்டா 2. இன்டெல் சிப்புக்கு எழுதிய கட்டளைகளை ஆப்பிள் சிப்பின் கட்டளைகளாக மாற்றித் தரும் சாஃப்ட்வேர். இதன் வேகத்துக்குப் பின்னால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு புரோகிராம் மெமரியில் எழுதும் தகவல்கள் எந்த வரிசையில் மற்ற கோர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில் இன்டெல் சிப்பு ரொம்பக் கண்டிப்பு. ஆர்ம் வகைச் சிப்பு அவ்வளவு கண்டிப்பில்லை. அந்த வரிசையைச் சாஃப்ட்வேரிலேயே காப்பாற்றப் போனால் வேகம் செத்துவிடும். ஆப்பிள் தன் சிப்பிலேயே இன்டெல் மாதிரி நடந்துகொள்ளும் ஒரு நிலையை வைத்திருக்கிறது. ரொசெட்டா ஓடும்போது அது இயங்கும். மெச்சத்தக்க பொறியியல்.

எம்1 வந்த அதே நவம்பரில் கோட்வீவர்ஸ், விசிறிகூட இல்லாத மேக்புக் ஏரில் ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ கேமை ஓட்டிக் காட்டியது. நடந்தது என்னவென்று யோசித்தால் மலைப்பாக இருக்கும். 32 பிட் விண்டோஸ் கேம். அதை 64 பிட் ஒயின் தாங்குகிறது. அந்த ஒயினோ இன்டெலுக்கு எழுதப்பட்டது. அதை ரொசெட்டா ஆர்ம் சிப்பில் ஓட்டுகிறது. கொஞ்சம் திக்கித் திணறினாலும் கேம் ஓடியது.

கிராபிக்ஸ் பக்கம் உதவி வந்தது லினக்ஸிலிருந்து. ஜெர்மனியைச் சேர்ந்த பிலிப் ரெபோலே ‘நியர்: ஆட்டோமாட்டா’ கேமை லினக்ஸில் விளையாட வேண்டும் என்ற ஆசையில், டைரக்ட்எக்ஸ் 11 கட்டளைகளை வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற சாஃப்ட்வேரை எழுதத் தொடங்கினார். ஸ்டீம் நடத்தும் வால்வ் கம்பெனி அவரைத் தன் செலவில் அணைத்துக்கொண்டது. 2018 ஆகஸ்டில் ஒயினையும் டிஎக்ஸ்விகேயையும் சேர்த்து ‘ப்ரோட்டான்’ என்று வெளியிட்டது. 2022இல் வந்த ஸ்டீம் டெக் கருவி முழுக்க அதை நம்பியே நிற்கிறது. அந்த வேலைகளிலும் கோட்வீவர்ஸ் கூட்டாளி. மேக்கில் வல்கன் கிடையாதே? வல்கனை மெட்டலாக மாற்றும் மோல்டன்விகே 2018இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. அதற்குப் பின்னாலும் வால்வின் கை இருந்தது. ஆக, டைரக்ட்எக்ஸிலிருந்து வல்கன், வல்கனிலிருந்து மெட்டல் என்று இரண்டு முறை மாறி மேக் திரைக்குப் படம் வந்தது. டைரக்ட்எக்ஸ் 11 வரை சமாளித்தார்கள். 12 கண்ணாமூச்சி காட்டியது.

2023 ஜூன்

டெவலப்பர்களுக்கான தன் வருடாந்தர மாநாட்டில் ஆப்பிள் ‘கேம் போர்ட்டிங் டூல்கிட்’ என்ற ஒன்றை வெளியிட்டது. விண்டோஸ் கேம் கம்பெனிகள் தங்கள் கேம் மேக்கில் எப்படி ஓடும் என்று சோதித்துப் பார்க்க உதவும் கருவி என்று சொன்னார்கள். உள்ளே பார்த்தால் கிராஸ்ஓவர் 22.1.1இன் திறந்த நிரல்! அதற்கு மேல் ஆப்பிள் தானே எழுதிய டி3டிமெட்டல். டைரக்ட்எக்ஸ் 11, 12 இரண்டையும் வல்கன் பக்கம் போகாமல் நேரடியாக மெட்டலாக மாற்றுவது.

கோட்வீவர்ஸுடன் ஆப்பிள் இதற்காகக் கூட்டுச் சேரவில்லை. நாங்கள் இதில் வேலை செய்யவில்லை, ஆனால் மகிழ்ச்சி என்று அந்தக் கம்பெனி பெருந்தன்மையாக அறிவித்தது. 2002இல் மாற்றிய லைசென்ஸ் இருந்ததால், ஒயின் பகுதியில் ஆப்பிள் செய்த மாற்றங்கள் வெளியில் வந்தன. டி3டிமெட்டல் மட்டும் ஆப்பிளின் மூடிய பெட்டி.

மாநாடு முடிவதற்குள் கேம் பிரியர்கள் கருவியைக் கையில் எடுத்துவிட்டார்கள். டெர்மினலைத் திறந்து, கட்டளை மேல் கட்டளையாக அடித்து, ஒயின் கம்பைல் ஆவதற்கு மணிக்கணக்கில் காத்திருந்து, ‘சைபர்பங்க் 2077’, ‘டயாப்லோ 4’ ஆகியவற்றை மேக்புக்கில் ஓட்டி வீடியோ போட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த கிராஸ்ஓவர் 23.5 டி3டிமெட்டலையும் உள்ளே சேர்த்துக்கொண்டதால் டெர்மினல் வேலை தேவைப்படாமல் போனது. 2024இல் டூல்கிட்டின் இரண்டாம் பதிப்பும் மேக்ஓஎஸ் செக்கோயாவும் வந்தபோது, ரொசெட்டாவுக்கு ஏவிஎக்ஸ்2 எனும் இன்டெல் கட்டளைத் தொகுப்பும் புரிய ஆரம்பித்தது. அது இல்லாமல் திறக்க மறுத்த புதிய கேம்கள் பல ஓடத் தொடங்கின. சைபர்பங்க் 2077 கேமே 2025 ஜூலையில் முறையாக மேக்குக்கு வந்துவிட்டது.

உங்கள் மேக்கில்

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: கிராஸ்ஓவரை 14 நாள் இலவசமாக ஓட்டிப் பாருங்கள். திறந்ததும் ஒரு ‘பாட்டில்’ உருவாக்கச் சொல்லும். பாட்டில் என்பது ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். ஃபைண்டரில் லைப்ரரி, அப்ளிகேஷன் சப்போர்ட், கிராஸ்ஓவர், பாட்டில்ஸ் என்று உள்ளே போனால் அதைத் திறந்தே பார்க்கலாம். ‘டிரைவ் சி’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். கேமுக்குத் தெரியும் சி டிரைவ் அதுதான். உள்ளே புரோகிராம் ஃபைல்ஸ், யூசர்ஸ், விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32 என்று அச்சு அசலாக ஒரு விண்டோஸ் வீடு; அந்த சிஸ்டம்32இல் உள்ள நோட்பேட்கூட ஒயின் குழு தானே எழுதியது. ‘டிரைவ் சி’க்குப் பக்கத்தில் ‘சிஸ்டம் ரெஜ்’ என்று ஒரு ஃபைல். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி ஒயினில் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள்தான்; அவற்றில் ஒன்று இது. திறந்தால் முதல் வரியிலேயே ஒயின் என்ற பெயர் நிற்கும். ஒரு பாட்டில் கெட்டுப்போனால் அதை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று உருவாக்கலாம். மேக்குக்கு ஒரு சேதமும் வராது.

அந்தப் பாட்டிலுக்குள் விண்டோஸுக்கான ஸ்டீமை இன்ஸ்டால் செய்ய வேண்டும். மேக்குக்கான ஸ்டீமில் விண்டோஸ் கேம் இறங்காது. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஸ்டீமில் நீங்கள் வாங்கிய கேம்கள் அத்தனையும் அங்கே தெரியும். பாட்டிலின் செட்டிங்கில் கிராபிக்ஸுக்கு டி3டிமெட்டல், டிஎக்ஸ்எம்டி, டிஎக்ஸ்விகே என்று சில வழிகள் இருக்கும். டைரக்ட்எக்ஸ் 12 கேமுக்கு டி3டிமெட்டல். 11 என்றால் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கேமுக்குக் கேம் பதில் மாறும். எந்த கேம் எப்படி ஓடுகிறது என்று கோட்வீவர்ஸ் நட்சத்திரம் போட்டு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கேமைக் காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் அதைப் பார்ப்பது நல்லது.

முதல் அரை மணி நேரம் கேம் விட்டுவிட்டு ஓடும். பயப்பட வேண்டாம். திரையில் புதிதாக ஒரு வெடிப்போ நிழலோ வரும்போதெல்லாம் அதை வரையும் ‘ஷேடர்’ எனும் சிறு நிரல் அப்போதுதான் மெட்டலுக்கு மாற்றப்படுகிறது. மாற்றியதைச் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அடுத்த முறை அதே இடத்தில் திக்காது. 8 ஜிபி மெமரி மட்டும் உள்ள மேக்கில் பெரிய கேம்களுக்கு ஆசைப்படாதீர்கள். ஆப்பிள் சிப்பில் மெமரியும் கிராபிக்ஸ் மெமரியும் ஒன்றே. அதில் ரொசெட்டாவுக்கும் பங்கு போக வேண்டும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. மேக்புக் ஏரில் விசிறி இல்லாததால், ஆட்டம் நீளும்போது சூடேறி வேகம் குறையும். ரெசல்யூஷனை ஒரு படி இறக்கி வைத்தால் சமாளிக்கும்.

ஓடாதவை

‘வாலரன்ட்’ ஓடாது. ‘பப்ஜி’யின் கம்ப்யூட்டர் பதிப்பு ஓடாது. புதிய ‘கால் ஆஃப் டியூட்டி’ ஓடாது. சிப்போ கிராபிக்ஸோ இதற்குக் காரணமில்லை. ஏமாற்றுபவர்களைப் பிடிக்க இந்த கேம்கள் விண்டோஸின் உள்மையமான கெர்னல் வரை இறங்கி உட்கார்ந்துகொள்கின்றன. ஒயினில் விண்டோஸ் கெர்னலே கிடையாது. அங்கே உட்கார இடமில்லை என்றதும், ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது என்று முடிவு செய்து வெளியேற்றிவிடும். லினக்ஸில் ஓடும் ப்ரோட்டானுக்கு மட்டும் பேட்டில்ஐ, ஈசி ஆன்டி சீட் ஆகிய காவல் சாஃப்ட்வேர்கள் 2021 முதல் வழிவிட்டன. அதையும் அந்தந்த கேம் கம்பெனி மனம் வைத்தால்தான் உண்டு. ஸ்டீம் டெக்கோடு வரவிருந்த கூட்டம் அவர்கள் கண்ணில் பட்டது, அதனால் வழி பிறந்தது. மேக்கில் கேம் ஆடுபவர்களின் கூட்டம் அந்த அளவுக்குக் கண்ணில் படவில்லை.

கூட்டம் சிறியது என்றால் என்ன நடக்கும் என்பதற்கு ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ சாட்சி. பல ஆண்டுகளாக மேக்கில் ஓடிய கேம் அது. 2023 செப்டம்பரில் அதன் இரண்டாம் பதிப்பு வந்து பழையதன் இடத்தைப் பிடித்தபோது மேக்குக்குப் பதிப்பு இல்லை. மேக்கையும் பழைய விண்டோஸ் மெஷின்களையும் சேர்த்தாலே மொத்த ஆட்டக்காரர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று வால்வ் காரணம் சொன்னது. முறையாக மேக்குக்கு வந்த கேமே இப்படி ஒரே நாளில் காணாமல் போகலாம். ஒயினில் ஓடும் கேம் அவ்வளவு எளிதில் போகாது.  பத்து, பதினைந்து வருடப் பழைய கேம்களை, கம்பெனியே மறந்துவிட்ட கேம்களை, ஒயின்தான் இன்னும் உயிரோடு வைத்திருக்கிறது. ஒயின் குழுவினர் உழைப்பின் பெருமதிப்பு எனக்கு அங்கேதான் தெரிகிறது.

அதனால் பணம் பற்றியும் பேசியாக வேண்டும். கிராஸ்ஓவர் விலை சுமார் 74 டாலர். ஒரு வருட அப்டேட் சேர்த்து. நம் ஊர்க் கணக்கில் பெரிய தொகைதான். அதே வேலையைச் செய்ய இலவசமாக ‘விஸ்கி’ என்று ஒரு அழகான ஆப் இருந்தது. ஒரு மாணவர் எழுதியது, ஏராளமானோர் பயன்படுத்தினார்கள். 2025இல் அவரே அதை நிறுத்திவிட்டார். கிராஸ்ஓவர் பிழைத்திருந்தால்தான் மேக்கில் ஒயின் பிழைக்கும், என் ஆப் அதற்கு உதவுவதைவிட இடைஞ்சலே அதிகம் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். காசு கட்ட முடியாதவர்கள் ஒயினை நேரடியாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஹீரோயிக் லாஞ்சர் என்ற இலவச ஆப்பும் இருக்கிறது, அதில் தவறே இல்லை. கட்ட முடிந்தவர்கள் கட்டுங்கள். ஒரு புதிய கேமின் விலையை ஒட்டித்தான் வரும், அது போய்ச் சேரும் இடம் ஜூலியார்டும் அவர் சகாக்களும் வாங்கும் சம்பளம்.

ரொசெட்டா கேள்வி

இப்போது தலைக்கு மேல் நிற்கும் பிரச்சினை ஒன்று உண்டு. இன்டெல் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசி என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்தது. ரொசெட்டா, மேக்ஓஎஸ் 27 வரை முழுதாக இருக்கும். அதற்குப் பிறகு, யாரும் பராமரிக்காத பழைய கேம்களுக்காக ஒரு பகுதியை மட்டும் விட்டு வைப்போம் என்கிறது ஆப்பிள். அந்தப் பகுதிக்குள் ஒயின் அடங்குமா என்பதைப் பொறுத்துத்தான் மேலே சொன்ன அத்தனையின் எதிர்காலமும்.

ஒயின் குழு கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 2025 ஜனவரியில் வந்த ஒயின் 10, ஆர்ம் சிப்பிலேயே நேரடியாக ஓடிக்கொண்டு, கேமின் இன்டெல் கட்டளைகளை மட்டும் வேறொரு மொழிமாற்றியிடம் விடும் வசதியை முழுமையாக்கியது. ஃபெக்ஸ் என்ற திறந்த மொழிமாற்றி லினக்ஸில் அந்த வேலையைச் செய்கிறது. மேக்கில் குறுக்கே நிற்பது மெமரிப் பக்கத்தின் அளவு. விண்டோஸ் மெமரியை 4 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்துக் கையாள்கிறது. கேம்களும் அதை நம்பியே எழுதப்பட்டவை. மேக்ஓஎஸ் ஆப்பிள் சிப்பில் 16 கிலோபைட் துண்டுகளாகப் பிரிக்கிறது. 4 கிலோபைட் இல்லாத இடத்தில் ஆர்ம் ஒயின் ஓடாது என்று அந்தப் பதிப்பின் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால், ரொசெட்டாவின் கீழ் ஓடும் புரோகிராம்களுக்கு மட்டும் ஆப்பிள் இன்றும் 4 கிலோபைட் பக்கத்தைத்தான் தருகிறது. சிப்பால் முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆர்ம் சிப்புக்கு நேரடியாக எழுதப்பட்ட புரோகிராம்களும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆப்பிள் அனுமதித்தால் போதும், மீதியை ஒயின் குழு பார்த்துக்கொள்ளும். அதைச் செய்ய மேக்ஓஎஸ் 27 வரை ஆப்பிளுக்கு நேரம் இருக்கிறது.